கிரேக்கத் தீவில் வீடு வாங்கி வாழ்வது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிரேக்கத் தீவுகளைப் பற்றி நம்மிடம் கேட்பவர்கள் பெரும்பாலும் விலையில் தொடங்குகிறார்கள். விலை பிறகு பார்த்துக்கொள்ளக்கூடிய விஷயம். வீட்டின் பத்திரம் சுத்தமாக இருக்கிறதா, பிப்ரவரி மாதத்தில் அந்த வீட்டில் இருக்க முடியுமா என்ற இரண்டும்தான் முதலில் தெரிய வேண்டியவை. ஆகவே கீழுள்ள விடைகளில் அந்த இரண்டுக்கும் அதிக இடம் தரப்பட்டுள்ளது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் ஏஜியன் கடலின் நடுவிலுள்ள சிக்லாடிஸ் தீவுக்கூட்டத்தைச் சார்ந்தவை.

ஐரோப்பிய ஒன்றியக் குடியுரிமை இல்லாதவர் அங்கே வீடு வாங்க முடியுமா?

முடியும். இந்திய, இலங்கை, மலேசியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்கள் நாக்சோஸ், பாரோஸ், சீரோஸ் போன்ற தீவுகளில் உள்ளூர்க்காரரைப் போலவே தங்கள் பெயரில் வீட்டைப் பதிவு செய்துகொள்ளலாம். ஆனால் எல்லைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களில் 1990ஆம் ஆண்டின் 1892ஆம் எண் சட்டப்படி முன்அனுமதி பெற வேண்டும். ரோட்ஸ், கோஸ் உள்ளிட்ட டோடெகனீஸ் தீவுகள், லெஸ்போஸ், கியோஸ், சாமோஸ் ஆகியவை துருக்கிக் கரைக்கு அருகில் இருப்பதால் இந்தப் பட்டியலில் வருகின்றன. எல்லையிலிருந்து தள்ளியிருக்கும் சாண்டோரினியும் ஸ்கீரோஸும்கூட அதில் இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. வாங்கும் நோக்கத்தைக் குறிப்பிட்டு விண்ணப்பித்தால் அனுமதி கிடைக்கக்கூடியதுதான் என்றாலும், அதற்காகும் மாதங்களையும் கணக்கில் சேர்த்துக்கொண்டுதான் முன்பணம் கொடுக்க வேண்டும்.

வீடு வாங்கினால் அங்கே தங்கும் உரிமை தானாகக் கிடைக்குமா?

கிடைக்காது. பத்திரம் உங்கள் பெயரில் இருந்தாலும், ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான குறுகிய கால விசாவான ஷெங்கன் விசாவில் எந்த 180 நாள் காலத்திலும் 90 நாட்களுக்கு மேல் தங்க முடியாது. ஆண்டு முழுவதும் வாழ விரும்புபவர் தனியாகத் தங்கல் அனுமதி பெற வேண்டும்.

‘கோல்டன் விசா’ என்று விளம்பரப்படுத்தப்படும் முதலீட்டாளர் அனுமதி அவற்றில் ஒன்று. 2013இல் தொடங்கியபோது 2,50,000 யூரோ மதிப்புள்ள சொத்து அதற்குப் போதுமானதாக இருந்தது. வீட்டு விலை உள்ளூர் மக்களுக்கு எட்டாமல் போகிறது என்ற எதிர்ப்பு வலுத்ததால் தொகை படிப்படியாக உயர்த்தப்பட்டது. 2024இல் வந்த 5100ஆம் எண் சட்டத்தின்படி, ஏதென்ஸ் அமைந்துள்ள அட்டிகா, தெசலோனிகி, மிகோனோஸ், சாண்டோரினி ஆகிய இடங்களிலும் 3,100 பேருக்கு மேல் மக்கள்தொகை உள்ள எல்லாத் தீவுகளிலும் 8,00,000 யூரோ தேவை. மற்ற இடங்களில் 4,00,000 யூரோ போதும். இரண்டு வகையிலும் அது ஒரே சொத்தாகவும், குறைந்தது 120 சதுர மீட்டர் பரப்புடையதாகவும் இருக்க வேண்டும். அமோர்கோஸ், ஃபோலேகான்ட்ரோஸ் போன்ற சிறு தீவுகள் குறைந்த தொகைப் பிரிவில் வருகின்றன, ஆனால் அங்கே 120 சதுர மீட்டரில் ஒரு பழைய வீட்டைத் தேடிக் கண்டுபிடிப்பதே பெரும்பாடு. வணிகக் கட்டடத்தைக் குடியிருப்பாக மாற்றுபவர்களுக்கும், பாதுகாக்கப்பட்ட கட்டடத்தை முழுமையாகச் சீரமைப்பவர்களுக்கும் மட்டும் 2,50,000 யூரோ வரம்பு நீடிக்கிறது. இந்த அனுமதி ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். சொத்து உங்களிடம் இருக்கும்வரை புதுப்பிக்கலாம். கணவன் அல்லது மனைவி, 21 வயதுக்குட்பட்ட பிள்ளைகள், இருவரின் பெற்றோர் ஆகியோரும் இதில் அடங்குவர். ஆனால் இதை வைத்து அங்கே சம்பளத்துக்கு வேலை பார்க்க முடியாது.

ஓய்வூதியமோ வேறு நிலையான வருமானமோ உள்ளவர்களுக்கு இவ்வளவு பெரிய முதலீடு தேவையில்லை. மாதம் குறைந்தது 3,500 யூரோ வருமானம் காட்டுபவர்களுக்கான தங்கல் அனுமதி தனியாக இருக்கிறது. அவர்கள் முதல் ஆண்டு வாடகை வீட்டில் இருந்து பார்த்துவிட்டுப் பிறகு வாங்கலாம் என்பதால் எனக்கு அந்த வழியே நல்லதாகப் படுகிறது.

இந்தியாவிலிருந்து பணத்தை எப்படிக் கொண்டுசெல்வது?

ரிசர்வ் வங்கியின் தாராளப் பணம் அனுப்பும் திட்டத்தின் கீழ், இந்தியாவில் வசிக்கும் ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 அமெரிக்க டாலர் வரை அனுப்பலாம். வெளிநாட்டில் வீடு வாங்குவதற்கும் இது பொருந்தும். ஆனால் 4,00,000 யூரோ இந்த ஒருவர் வரம்பைத் தாண்டுகிறது. ஆகவே கணவனும் மனைவியும் தங்கள் வரம்புகளைச் சேர்த்துக்கொள்வார்கள், அல்லது மார்ச்சில் ஒரு பகுதியையும் புதிய நிதியாண்டு தொடங்கிய பின் ஏப்ரலில் மறு பகுதியையும் அனுப்புவார்கள். 2025 ஏப்ரல் முதல், ஆண்டுக்கு 10 லட்ச ரூபாய்க்கு மேல் இப்படி அனுப்பும் தொகைக்கு வங்கி 20 சதவீத வரியை முன்கூட்டியே பிடிக்கிறது. வருமான வரிக் கணக்கில் அது பின்னர் ஈடுகட்டப்படும் என்றாலும் அதுவரை அந்தப் பணம் உங்கள் கையில் இருக்காது. இதற்காக இந்திய வங்கியில் கடன் வாங்கி அனுப்பவும் அனுமதியில்லை. வாங்கிய பின் வீட்டை ஒவ்வொரு ஆண்டும் வருமான வரிக் கணக்கின் வெளிநாட்டுச் சொத்துப் பகுதியில் காட்ட வேண்டும். காட்டத் தவறினால் 2015ஆம் ஆண்டின் கறுப்புப் பணச் சட்டப்படி 10 லட்ச ரூபாய் அபராதம் வரலாம்.

வாங்கும் நடைமுறை எப்படிப் போகும்?

ஆஃபிமி என்று அழைக்கப்படும் ஒன்பது இலக்க வரி எண்ணில்தான் எல்லாம் தொடங்குகிறது. அது இல்லாமல் அங்கே மின் இணைப்புகூட வாங்க முடியாது. அடுத்து ஒரு வழக்கறிஞரை அமர்த்த வேண்டும். விற்பவரின் வழக்கறிஞரோ தரகரின் நண்பரோ அல்லாத, உங்களுக்காக மட்டும் வேலை செய்பவராக அவர் இருக்க வேண்டும். அவர் மூலப்பத்திரங்களைப் பார்ப்பார், ஒரு பொறியாளர் கட்டடத்தை அளப்பார். இருவரும் சரி என்ற பிறகு, வழக்கமாக விலையில் பத்தில் ஒரு பங்கு முன்பணமாகக் கொடுக்கப்படும். கடைசியாக நோட்டரி முன்னிலையில் கையெழுத்து. கிரேக்கத்தில் இந்த நோட்டரி நம் ஊரில் முத்திரை குத்திக்கொடுப்பவரைப் போன்றவர் அல்லர், பத்திரத்தைத் தாமே எழுதி அதற்குப் பொறுப்பேற்கும் சட்ட அதிகாரி. அவர் முழுப் பத்திரத்தையும் எழுத்து விடாமல் வாய்விட்டு வாசிப்பார். வாங்குபவருக்கு கிரேக்கம் தெரியாவிட்டால் மொழிபெயர்ப்பாளர் அருகில் இருக்க வேண்டும், அல்லது கிரேக்கம் தெரிந்த ஒருவருக்கு அதிகாரப் பத்திரம் கொடுத்திருக்க வேண்டும். பணம் வங்கி வழியாக மட்டுமே கைமாற வேண்டும். ‘பத்திரத்தில் பாதி விலை, மீதி ரொக்கம்’ என்ற பேச்சு அங்கேயும் ஒரு காலத்தில் சகஜமாக இருந்தது. இன்று அப்படிப் பேசுபவரிடம் வாங்காமல் இருப்பது நல்லது.

பத்திரத்தில் அப்படி என்ன சிக்கல் இருக்க முடியும்?

தீவுகளில் நிலம் நெடுங்காலமாக வாய்ச்சொல்லாலேயே கைமாறி வந்திருக்கிறது. தாத்தா ஒரு மகனுக்கு ‘அந்த அத்தி மரத்திலிருந்து கல்சுவர் வரை உனக்கு’ என்று சொல்லிவிட்டுப் போயிருப்பார். அத்தி மரம் இன்று இருக்காது, பேரன் மெல்போர்னில் இருப்பான். கிரேக்கக் குடும்பங்களிலிருந்து ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் போனவர்கள் ஏராளம் என்பதால், ஒரு சிறிய வீட்டுக்கு மூன்று கண்டங்களில் ஏழெட்டுப் பேர் பிரிக்கப்படாத பங்குதாரர்களாக இருப்பது அங்கே புதுமையல்ல. அவர்களில் ஒருவர் கையெழுத்துப் போட மறுத்தாலும் வீடு முழுமையாக உங்களுக்கு வராது.

பாகப் பிரிவினையிலும் தீவுக்குத் தீவு வழக்கம் மாறும். கார்பதோஸ் தீவில் தாய்வழிச் சொத்து மூத்த மகளுக்கே போகும், அவளை ‘கனகாரா’ என்பார்கள். ஏஜியன் தீவுகள் பலவற்றில் வீடு என்பது மகளுக்குக் கொடுக்கும் சீதனம். சட்டத்தில் சீதனம் 1983இல் ஒழிக்கப்பட்டுவிட்டது. ஆனாலும் பழைய பத்திரங்களை வாசிக்கும்போது, விற்பவர் ஓர் ஆணாக இருந்து வீடு அவர் மனைவியின் தாயிடமிருந்து வந்ததாக இருந்தால், மனைவியின் உடன்பிறந்தோர் யார் யார் என்று கேட்க வேண்டியிருக்கும்.

இருபது ஆண்டுகள் தொடர்ந்து ஒரு நிலத்தை அனுபவித்தவர் அதற்கு உரிமை கோரலாம் என்று சட்டம் சொல்கிறது. நமக்குப் பழக்கமான அனுபவ பாத்தியதைதான் இது. வழக்கறிஞர்கள் குறைந்தது இருபது ஆண்டுக்கான பத்திரத் தொடர்ச்சியைத் தேடுவதற்கு இதுவும் ஒரு காரணம். விற்பவரிடம் பத்திரமே இல்லாமல் ‘நாங்கள் இருபது வருடமாக இங்கேதான் இருக்கிறோம்’ என்ற உறுதிமொழி மட்டும் இருந்தால் விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் விலகிவிட வேண்டும்.

இத்தாலியர் ஆண்ட காலத்தில் ரோட்ஸிலும் கோஸிலும் முறையான நில அளவைப் பதிவேடு உருவாக்கப்பட்டது, ஆகவே அங்கே மனை எண்ணும் வரைபடமும் கிடைக்கும். மற்ற தீவுகளில் ஆட்களின் பெயரை வைத்து எழுதப்பட்ட பழைய பதிவேடுகளே நெடுங்காலம் இருந்தன. 1990களில் தொடங்கிய தேசிய நிலப்பதிவேடு அவற்றின் இடத்துக்கு வந்துகொண்டிருக்கிறது. அந்தக் கணக்கெடுப்பில் யாரும் அறிவிக்காத நிலங்கள் ‘உரிமையாளர் தெரியாதவை’ என்று பதிவாகி, திருத்தக் காலக்கெடு கடந்தபின் அரசுக்குப் போய்விடுகின்றன. நீங்கள் பார்க்கும் நிலம் அந்தப் பட்டியலில் இல்லை என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பத்திரம் சரியாக இருக்கிறது. கட்டடத்தில் எதைப் பார்க்க வேண்டும்?

அனுமதியில்லாமல் கட்டப்பட்ட பகுதியைப் பார்க்க வேண்டும். இதை ‘அஃப்தேரெட்டோ’ என்பார்கள். கிரேக்கத்தில் வீட்டைப் பற்றிப் பேசும் எந்த உரையாடலிலும் இந்தச் சொல் ஐந்து நிமிடத்துக்குள் வந்துவிடும். வழக்கமாக அது எப்படி இருக்கும் என்றால், வரைபடத்தில் மூன்று பக்கம் திறந்த திண்ணையாக இருப்பது நேரில் கண்ணாடிக் கதவு போட்ட படுக்கையறையாக இருக்கும். ‘கிடங்கு’ என்று எழுதப்பட்ட நிலவறையில் குளியலறையும் அடுப்பும் இருக்கும். சுவரில் பூசிய சுண்ணாம்பு ஒரே வெண்மையாக இருப்பதால் பழைய சுவர் எங்கே முடிகிறது, புதிய சுவர் எங்கே தொடங்குகிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பொறியாளர் அளக்கும்போது மட்டுமே 60 சதுர மீட்டர் வீடு 85 ஆகியிருப்பது வெளிப்படும்.

2011 ஜூலை 28க்கு முன் கட்டப்பட்ட மீறல்களை அபராதம் செலுத்தி வரன்முறைப்படுத்தச் சட்டம் வழி வைத்தது. அதற்குப் பின் கட்டியவற்றுக்கு அந்த வழி இல்லை. மிகப் பெரிய மீறல்களுக்கான வாய்ப்பும் 2020 செப்டம்பர் 30உடன் மூடப்பட்டுவிட்டது. கட்டடத்தில் மீறல் இல்லை, அல்லது இருந்தவை வரன்முறைப்படுத்தப்பட்டன என்ற பொறியாளர் சான்றிதழ் இல்லாமல் நோட்டரி பத்திரம் எழுத மாட்டார். 2021 முதல் கட்டடத்தின் மின்னணு அடையாளப் பதிவும் தேவைப்படுகிறது. அபராதத்தை யார் கட்டுவது என்பதை முன்பணம் கொடுக்கும் முன்பே எழுதிக்கொள்ள வேண்டும், வழக்கப்படி அது விற்பவரின் பொறுப்பு.

வெறும் நிலம் வாங்கிக் கட்டினால் மலிவாக இருக்காதா?

அபூர்வமாகவே அப்படி அமையும். கிராம எல்லைக்கு வெளியே வீடு கட்ட, பொதுவாக 4,000 சதுர மீட்டர், அதாவது நான்கு ஸ்ட்ரெம்மா நிலம் வேண்டும். அது அதிகாரப்பூர்வமான பொதுச் சாலையை ஒட்டியும் இருக்க வேண்டும். நிலத்தின் ஓரமாக வண்டி போகும் ஒரு மண்பாதை இருந்தால் அது பொதுச் சாலை ஆகிவிடாது. இந்தக் காரணத்தாலேயே பல நிலங்களின் கட்டட உரிமை நீதிமன்றத்தில் அடிபட்டுப் போயிருக்கிறது. வன வரைபடம், கடற்கரைக் கோடு, தொல்லியல் பாதுகாப்பு எல்லை ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்று நிலத்தைத் தொட்டாலும் திட்டம் நின்றுவிடும். மரமே இல்லாத முள்புதர்ச் சரிவுகூட வன வரைபடத்தில் காடாக இருக்கலாம்.

விலைக்கு மேல் எவ்வளவு செலவாகும்?

சொத்து மாற்று வரி 3 சதவீதம், அதன்மீதான நகராட்சிச் சேர்க்கையோடு 3.09 சதவீதம். இது விற்பனை விலை, அரசின் வழிகாட்டி மதிப்பு ஆகிய இரண்டில் எது அதிகமோ அதன்மீது கணக்கிடப்படும். நோட்டரி, வழக்கறிஞர், பதிவு, பொறியாளர், தரகர் எல்லாம் சேர்ந்தால் விலையில் 8 முதல் 10 சதவீதம் கூடுதலாக வைத்துக்கொள்வது பாதுகாப்பு. அதன்பின் ஒவ்வோர் ஆண்டும் என்ஃபியா என்ற சொத்து வரி வரும். சாதாரணத் தீவு வீட்டுக்கு அது பயப்படும் அளவில் இருப்பதில்லை.

வெளிநாட்டு ஓய்வூதியம் பெறுபவர் கிரேக்கத்தை வரி வசிப்பிடமாக மாற்றிக்கொண்டால், தகுதி நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வெளிநாட்டு வருமானத்துக்கு 15 ஆண்டுகள்வரை 7 சதவீத ஒரே விகித வரி செலுத்தும் திட்டம் 2020 முதல் இருக்கிறது.

தண்ணீர் எங்கிருந்து வரும்?

வீட்டைப் பார்க்கப் போகும் நாளில் கடலைப் பார்ப்பதற்கு முன் தரையைப் பாருங்கள். பழைய சிக்லாடிஸ் வீடுகளில் முற்றத்திலோ சமையலறை மூலையிலோ ஒரு சிறிய மூடி இருக்கும். அதைத் தூக்கினால் கீழே இருட்டில் ‘ஸ்டெர்னா’ எனப்படும் நிலத்தடி நீர்த்தொட்டி. தட்டையான மொட்டைமாடியே மழைநீரைச் சேகரிக்கும் தளம். இலையுதிர்காலத்தின் முதல் மழைக்குக் குழாய் வாயைத் துணியால் அடைத்து, கோடைப் புழுதியும் புறா எச்சமும் கழுவிப் போனபின் துணியை எடுத்து அடுத்த மழையைத் தொட்டிக்குள் விடுவார்கள். மாடிக்கு ஆண்டுதோறும் சுண்ணாம்பு அடிப்பது தண்ணீர் கெடாமல் இருப்பதற்காகவும்தான்.

இன்று பெரும்பாலான ஊர்களில் குழாய் இணைப்பு இருக்கிறது. கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் பல தீவுகளுக்கு உயிர் கொடுக்கின்றன. ஆனாலும் நாக்சோஸ் போல விவசாயமும் உருளைக்கிழங்கும் உள்ள பசுமையான தீவிலேயே அண்மை ஆண்டுகளில் அணைகள் வறண்டிருக்கின்றன. ஊருக்கு வெளியே நீச்சல்குளத்தோடு விற்கப்படும் வீடுகளில் பலவற்றுக்கு ஆகஸ்டில் தண்ணீர் லாரிதான் வரும். விற்பவரிடம் கடந்த கோடைக்காலத்தின் லாரி ரசீதுகளைக் கேளுங்கள். அவர் தயங்கினால் அந்தத் தயக்கத்தையே பதிலாக எடுத்துக்கொள்ளலாம்.

பழைய கல் வீட்டை வாங்கிச் சீரமைப்பது எப்படியிருக்கும்?

அறுபது சென்டிமீட்டர் தடிச் சுவர் கோடையில் குளிர்ச்சியாக இருக்கும், அதே சுவர் ஜனவரியில் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டு நிற்கும். அலமாரியில் வைத்த தோல் காலணியில் பூஞ்சை பூப்பது அங்கே குளிர்காலத்தின் அடையாளம். சிமென்ட் பூச்சு ஈரத்தை உள்ளேயே சிறைவைக்கும் என்பதால் சுண்ணாம்புச் சாந்தைத் தெரிந்த கொத்தனாரையே தேட வேண்டும். அவர் கோடையில் கிடைக்க மாட்டார், சுற்றுலாப் பருவத்தில் பல தீவுகளில் கட்டுமான வேலைக்குத் தடையும் உண்டு. பாதுகாக்கப்பட்ட ஊர்களில் ஜன்னலின் அளவு, கதவின் நிறம் உட்பட எல்லாவற்றுக்கும் ஒப்புதல் வேண்டும்.

பொருள் கொண்டுவரும் கூலியையும் மறக்கக் கூடாது. மோட்டார் வண்டிகள் ஓடாத இத்ரா தீவில் மணல், சிமென்ட், குளிர்பதனப் பெட்டி எல்லாம் கோவேறு கழுதையின் முதுகில்தான் மேலேறுகின்றன. மற்ற தீவுகளிலும் பழைய ஊரின் உட்சந்துகளில் கடைசி நூறு மீட்டர் தலைச்சுமைதான்.

நிலநடுக்கம் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கவனம் வேண்டும். 1956 ஜூலை 9 அன்று அமோர்கோஸ் அருகே ஏற்பட்ட பெரும் நிலநடுக்கம் சாண்டோரினியின் ஊர்களை இடித்துத் தள்ளியது. 2020 அக்டோபர் 30இல் சாமோஸ் அருகே 7.0 அளவில் ஒன்று வந்தது. 2025 பிப்ரவரியில் சாண்டோரினிக்கும் அமோர்கோஸுக்கும் இடையே நாள்கணக்கில் தொடர்ந்த அதிர்வுகளால் பள்ளிகள் மூடப்பட்டு ஆயிரக்கணக்கானோர் தீவை விட்டு வெளியேறினார்கள். கிரேக்கத்தின் முதல் நிலநடுக்கக் கட்டட விதி 1959இல் வந்தது, 1980களிலும் அதற்குப் பின்னரும் அது கடுமையாக்கப்பட்டது. ஆகவே கட்டடத்தின் வயதும், பழைய கல் வீட்டின் மேல் பிற்காலத்தில் கான்கிரீட் மாடி ஏற்றப்பட்டிருக்கிறதா என்பதும் பொறியாளரிடம் கட்டாயம் கேட்க வேண்டிய கேள்விகள்.

குளிர்காலத்தில் வாழ்க்கை எப்படி? எந்தத் தீவு ஏற்றது?

நவம்பர் முதல் மார்ச் வரை பல தீவுகளில் கடற்கரைச் சாலை முழுவதும் கதவடைத்துக் கிடக்கும். ஒரு காப்பிக்கடை, ஒரு ரொட்டிக்கடை, மருந்துக்கடை இருந்தால் அது நல்ல ஊர். காற்றின் வேகம் பியூஃபோர்ட் அளவுகோலில் 8ஐத் தொட்டால் துறைமுக அதிகாரிகள் பெரும்பாலும் கப்பல்களை நிறுத்திவிடுவார்கள். இரண்டு நாள் கப்பல் வராவிட்டால் காய்கறிக் கூடைகள் காலியாவதைக் கண்ணால் பார்க்கலாம். மூன்றாம் நாள் கப்பலின் ஊதல் கேட்டதும் கடைக்காரர்கள் சிறு லாரிகளை எடுத்துக்கொண்டு துறைக்கு விரைவார்கள். கோடையிலும் மெல்டெமி என்ற வடகாற்று ஜூலை, ஆகஸ்டில் இதே வேலையைச் செய்வதுண்டு.

சிறு தீவுகளில் கட்டாயக் கிராமப்புறச் சேவைக்கு வந்த இளம் மருத்துவர் ஒருவர் மட்டும் இருப்பார். நெஞ்சுவலி என்றால் ஹெலிகாப்டர், அதுவும் காற்று அனுமதித்தால். வயதான பெற்றோரோடு போகிறவர்களும் நாள்பட்ட நோயுள்ளவர்களும் மருத்துவமனை உள்ள தீவை விட்டு வேறெதையும் பார்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிக்லாடிஸில் அது முதலில் சீரோஸ். தலைநகர் எர்மூபோலியில் மருத்துவமனை, நீதிமன்றம், பல்கலைக்கழகத் துறை, கப்பல் கட்டும் தளம் எல்லாம் இருப்பதால் பிப்ரவரியிலும் தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கும், ஏதென்ஸின் துறைமுகமான பிரேயஸிலிருந்து கப்பலில் ஏறக்குறைய நான்கு மணி நேரம். அடுத்தது நாக்சோஸ்: மருத்துவமனை, பள்ளிகள், விவசாயம், ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகமான கப்பல் பயணம். மிகோனோஸிலும் சாண்டோரினியிலும் விலை சுற்றுலாப் பயணிகளுக்காக நிர்ணயிக்கப்பட்டது. குடியிருக்கப் போகிறவர் அந்த விலையைக் கொடுக்கக் காரணமில்லை.

நாம் இல்லாத மாதங்களில் வாடகைக்கு விடலாமா?

சாதாரணமாக வாங்கிய வீட்டை வரித்துறையில் பதிவு எண் பெற்றுக் குறுகிய கால வாடகைக்கு விடலாம். வாடகை வருமானத்தின் முதல் 12,000 யூரோவுக்கு 15 சதவீத வரி, அதற்கு மேல் விகிதம் வேகமாக ஏறும். ஆனால் 2024ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி கோல்டன் விசாவுக்காக வாங்கிய வீட்டைக் குறுகிய கால வாடகைக்கு விடக் கூடாது. மீறினால் 50,000 யூரோ அபராதமும் அனுமதி இழப்பும் நேரும். வாடகையை நம்பிக் கணக்குப் போட்டிருப்பவர் இதைப் படித்தபின் அந்தக் கணக்கை மீண்டும் போட வேண்டும்.

கிரேக்கம் தெரியாமல் சமாளிக்க முடியுமா?

கோடையில் முடியும், ஆங்கிலம் போதும். குளிர்காலத்தில் தண்ணீர்க் குழாய் வெடிக்கும்போதும் நகராட்சி அலுவலகத்தில் ஒரு படிவத்தோடு நிற்கும்போதும் முடியாது. எழுத்துகளைக் கற்க இரண்டு வாரம் போதும், கப்பல் அறிவிப்புப் பலகையையும் மின்கட்டண ரசீதையும் வாசிக்க அதுவே உதவும். பக்கத்து வீட்டுப் பாட்டியை ‘கிரியா’ (திருமதி) என்று சேர்த்துப் பெயர் சொல்லி அழைத்து, காலையில் ‘கலிமேரா’ (காலை வணக்கம்) சொல்லத் தொடங்குங்கள். எந்தக் குழாய்க்காரர் சொன்ன நாளில் வருவார், எல்லைச் சுவர் உண்மையில் எங்கே இருந்தது, உங்களுக்கு விற்றவரின் தங்கை ஏன் அவரோடு பேசுவதில்லை என்பதெல்லாம் அந்தப் பாட்டியிடமிருந்துதான் தெரியவரும். இயன்றால் வாங்குவதற்கு முந்தைய குளிர்காலத்தில் அதே தெருவில் ஒரு மாதம் வாடகைக்கு இருந்து அவரிடம் பேசிவிடுங்கள்.